காம்பாட் மிஷன் நார்மண்டி: எடிட்டரைத் திறக்காதவருக்குப் பாதி கேம்தான்

இரண்டாம் உலகப்போரைக் கணினியில் ஆடும் கேம் இது. முழுப்பெயர் காம்பாட் மிஷன்: பேட்டில் ஃபார் நார்மண்டி. பேட்டில்ஃப்ரண்ட் நிறுவனம் 2011 மே மாதம் வெளியிட்டது. 1944 கோடையில் பிரான்சின் நார்மண்டியில் நடந்த சண்டைகளை பிளாட்டூன் (சில ஸ்குவாட் சேர்ந்தது), கம்பெனி (சில பிளாட்டூன் சேர்ந்தது), மிஞ்சிப்போனால் பட்டாலியன் (சில கம்பெனி சேர்ந்தது) அளவில் ஆடலாம். ஸ்குவாட் என்பது பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழு. ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனிக் கண், தனித் துப்பாக்கி, எண்ணி வைத்த தோட்டா. தரை முழுக்க 8 மீட்டருக்கு 8 மீட்டர் கட்டங்கள். கட்டளைகளைக் கொடுத்துவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் 60 விநாடி இரு தரப்பும் ஒரே நேரத்தில் நகரும். அந்த 60 விநாடியில் நீங்கள் எதையும் தொட முடியாது. வேண்டுமானால் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம். ரியல் டைமிலும் ஆடலாம். ஒரு கம்பெனியைத் தாண்டினால் கண் பத்தாது.

வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இதில் கணினி எதிரிக்குப் பாதி மூளைதான் இருக்கிறது என்பது. சுடுவது, பதுங்குவது, பயந்து ஓடுவது, டேங்க் புகை விட்டுப் பின்வாங்குவது எல்லாம் தானாக நடக்கும். எந்த பிளாட்டூன் எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்ற மீதி மூளையை சினாரியோ (ஒரு சண்டைக்கான மேப், படைகள், எதிரியின் திட்டம் எல்லாம் அடங்கிய ஆட்டம்) எழுதியவர் கொடுக்க வேண்டும். அவர் எழுதாததைக் கணினி செய்யாது. "ஏஐ சும்மா உட்கார்ந்தே இருக்கு" என்ற புகாரில் முக்கால்வாசி சினாரியோ எழுதியவர் வீட்டுக்குப் போக வேண்டியது. அதனால் இந்த விமர்சனத்தில் ஆடுவதைவிட, சினாரியோ எழுத கேமோடு வரும் எடிட்டரைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். கேமின் உயிர் அங்கேதான்.

ஆடும்போது எதிரியைவிட வேலிதான் அதிகம் பேரைக் கொல்கிறது. நார்மண்டியின் போக்காஜை நம்மூர் உயிர்வேலி என்று நினைத்துவிடக் கூடாது. அடியில் கெட்டியான மண்கரை, அதன்மேல் வேர் பின்னிக் கிடக்கும் புதரும் மரமும். கேமில் உயர்ந்த போக்காஜை ஆளும் தாண்ட முடியாது, டேங்கும் தாண்ட முடியாது. இடைவெளி இருந்தால்தான் வழி. ஒட்டி நின்றால் அதனூடே பார்க்கலாம், சுடலாம். புதிதாக ஆடுகிறவர் வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு புள்ளியைக் கிளிக் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஸ்குவாட் இருக்கிற வழியைத் தேடும். பக்கத்தில் இடைவெளி இல்லையென்றால் வயலைச் சுற்றி, பாதைக்கு வந்து, ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கியான எம்ஜி 42 குறிவைத்துக் காத்திருக்கும் அதே வாசல் வழியாக வரிசையாக ஓடும். 60 விநாடிக்கு நிறுத்தவும் முடியாது. தப்பிக்க ஒரே வழி, வேலிக்கு இந்தப்பக்கம் ஒரு புள்ளி, இடைவெளியில் ஒரு புள்ளி, அந்தப்பக்கம் ஒரு புள்ளி என்று வைத்து, போகிற கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவது. இடைவெளி இல்லாத இடத்தில் எஞ்சினியர் ஸ்குவாடுக்கு பிளாஸ்ட் கட்டளை. அவர்களிடம் வெடி விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். முதல் இரண்டு வேலியிலேயே தீர்த்துவிட்டால் மூன்றாவதில் மாட்டிக்கொள்வீர்கள்.

எடிட்டருக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்கு 1944 ஜூலை 11 அன்று ஹில் 192 மீது நடந்த தாக்குதல். சென் லோ நகருக்குக் கிழக்கே இருக்கிற குன்று. அமெரிக்க 2வது காலாட்படை டிவிஷனின் 38வது ரெஜிமென்ட் ஏறியது. மேலே இருந்தது ஜெர்மன் 3வது பாராசூட் டிவிஷன். அமெரிக்க வீரர்கள் "க்ராட் கார்னர்" என்று பெயர் வைத்த வேலி முனை ஒரு கம்பெனி சினாரியோவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும்.

முதல் வேலை மேப். முக்கால்வாசி சினாரியோக்கள் கெட்டுப்போவதும் இங்கேதான்: வயலைப் பெரிதாக வரைந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைய வான்படம் ஒன்றில் 8 சதுர மைலுக்குள் 3,900க்கும் மேற்பட்ட வேலி சூழ்ந்த நிலங்களை எண்ணியிருக்கிறார்கள். ஒரு நிலத்துக்குச் சராசரியாக 5,300 சதுர மீட்டர் வருகிறது, பக்கத்துக்கு 73 மீட்டர். இதை வேறொரு கணக்கோடு ஒட்டிப் பார்க்கலாம். ஒன்றரை மைல் முன்னேற ஒரு டேங்க் கம்பெனி 34 வேலிகளை உடைக்க வேண்டும், அதற்கு 17 டன் வெடிமருந்து ஆகும் என்று அமெரிக்க எஞ்சினியர்கள் அப்போது மதிப்பிட்டார்கள். ஒன்றரை மைலை 34ஆல் வகுத்தால் வேலிக்கு வேலி 71 மீட்டர். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. எடிட்டரில் அது ஒன்பது டைல், அதாவது ஒன்பது 8 மீட்டர் கட்டம். ஒன்பதுக்கு ஒன்பது என்று எல்லாவற்றையும் சதுரமாக அடித்துவிடக் கூடாது. ஆறுக்குப் பன்னிரண்டு, எட்டுக்குப் பத்து, நடுவே ஒரு பழத்தோட்டம் என்று கலைந்து கிடக்கட்டும். இருபது டைல் அகல வயலை வரைந்தால் அது போக்காஜ் சண்டையே இல்லை. அமெரிக்க டேங்கான ஷெர்மன் தூரத்தில் நின்று எல்லாவற்றையும் அடித்துவிடும்.

எங்கே எந்த வேலி இருந்தது என்பதற்கு இன்றைய சாட்டிலைட் படத்தை நம்ப வேண்டாம். போருக்குப் பிந்தைய நிலச் சீரமைப்பில் எத்தனையோ வேலிகளைப் பிடுங்கி, சிறு வயல்களைச் சேர்த்துவிட்டார்கள். பிரெஞ்சு அரசின் ஐஜிஎன் நிறுவனம் பழைய வான்படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1940களின் பிற்பகுதிப் படம் கிடைத்தால் அதை எடுங்கள், பள்ளங்கள்கூடத் தெரியும். படத்தை மேப்பின் நீள அகலத்துக்கு மிகச் சரியாக வெட்டுங்கள்: மேப் 640க்கு 800 மீட்டர் என்றால் படமும் 640க்கு 800 பிக்சல். பிஎம்பி ஃபைலாக, "ஸ்பெஷல் எடிட்டர் ஓவர்லே" என்று ஆங்கிலத்தில் பெயர் கொடுத்து, கேமின் டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் இசட் ஃபோல்டரில் போட்டால் எடிட்டர் அதைத் தரைமேல் விரித்துக் காட்டும். அதன்மேல் கோலம் போடுவதுபோல் வரைந்துகொண்டே போகலாம். வெட்டும்போது விகிதம் பிசகினால் ஒரு கோடியில் சரியாக இருக்கும் பாதை மறுகோடியில் பத்து மீட்டர் தள்ளி நிற்கும்.

அடுத்த தொல்லை கோணம். வேலி டைல் நேராகப் போகும், குறுக்காகப் போகும், 45 டிகிரி சாய்ந்து போகும். 20 டிகிரி சாய்ந்த உண்மையான வேலியை வரையப் பார்த்தால் படிக்கட்டு மாதிரி வரும். அழகு கெடுவது ஒருபக்கம் இருக்கட்டும், ஒவ்வொரு படியின் மூலையிலும் ஒருவன் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துச் சுடுவான். நிஜத்தில் இல்லாத சுடுதளங்கள் முளைத்துவிடும். தாக்குதல் போகிற திசை கட்டத்தோடு ஒத்துப்போகும்படி வான்படத்தையே திருப்பிவிட்டு வரையுங்கள். மேப்பின் மேல்புறம் உண்மையான வடக்கு இல்லை என்று பிரீஃபிங்கில் ஒரு வரி எழுதினால் போதும்.

உயரத்துக்கு எல்லா டைலிலும் எண் போடத் தேவையில்லை. டைரக்ட் முறையில் சமஉயரக் கோட்டு டைல்களுக்கு மட்டும் எண் கொடுத்தால் நடுவில் உள்ளதை எஞ்சின் தானே நிரவிக்கொள்ளும். பாதைகள் மட்டும் கவனம். பள்ளத்துப் பாதைக்குப் பக்கத்து வயலைவிட ஒரு மீட்டர் குறைத்து, இருபுறமும் வயலின் உயரத்தைப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் சரிவு வயல் நடுவரை பரவி, வயலே கிண்ணம்போல் ஆகிவிடும்.

எடிட்டரில் அன்டூ கிடையாது. அரை மணிக்கொரு தடவை புது எண்ணோடு சேவ் செய்யாதவர் ஒருநாள் அழுவார். வேறு சொல்ல இல்லை.

ஒவ்வொரு வயலுக்கும் குறைந்தது ஒரு வாசல் விடுங்கள், உழவனும் மாடும் எப்படி உள்ளே போயிருப்பார்கள் என்று யோசித்து. பெரும்பாலும் மூலையில், பாதையை ஒட்டி. ஒரு டைல் அகல வாசலில் கணினியின் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். கணினி வண்டி ஓட்டப்போகிற வழியில் மட்டும் இரண்டு டைல் கொடுங்கள்.

படைப்பிரிவுகளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பழக்கம்: முழு பட்டாலியனாக வாங்கி, வேண்டாத கம்பெனிகளைக் கழியுங்கள். தனித்தனியாகப் பொறுக்கினால் கட்டளைச் சங்கிலி அறுந்து, மோர்ட்டாரை (குண்டை உயரத் தூக்கி எறியும் குட்டிப் பீரங்கியை) அழைக்க ஆளில்லாமல் போகும். பட்டாலியன் தலைமைக் குழுவான எச்கியூவைக் கழிக்காதீர்கள். அமெரிக்கர்களுக்கு ஒரு ரைஃபிள் கம்பெனி, ஒரு எஞ்சினியர் பிளாட்டூன், ஐந்து ஷெர்மன். அன்று 2வது டிவிஷனோடு இருந்தது 741வது டேங்க் பட்டாலியன். ஒரு ஸ்குவாட், ஒரு டேங்க், நாலைந்து எஞ்சினியர்கள் என்று குழு பிரித்து, வேலிக்கு வேலி பழகிவிட்டுத்தான் இந்தத் தாக்குதலுக்கு வந்தார்கள். ஆடுபவருக்கும் அதே கலவை கையில் இருக்க வேண்டும்.

வேலி கிழிக்கும் இரும்புப் பல் வைத்த ரைனோ ஷெர்மன் கேமில் இருக்கிறது. இந்த சினாரியோவில் போடாதீர்கள். சார்ஜன்ட் கர்ட்டிஸ் குலின் செய்த அந்தக் கருவியை ஜெனரல் பிராட்லி பார்த்ததே ஜூலை 14. பிறகுதான் கூட்டம் கூட்டமாகப் பொருத்தினார்கள். பெரிய அளவில் களமிறங்கியது ஜூலை 25 அன்று தொடங்கிய கோப்ரா தாக்குதலில். ஜூலை 11க்கு ரைனோ கொடுத்தால் வரலாறும் போச்சு, எஞ்சினியர்களுக்கும் வேலையில்லை.

ஜெர்மன் பக்கம் ஒரு பாராசூட் கம்பெனி. அவர்களுடைய ஸ்குவாடில் இரண்டு எம்ஜி 42 இருக்கும் என்பதால் முழுப் பலத்தோடு விட்டால் அமெரிக்கர் முதல் வேலியையே தாண்ட மாட்டார். எடிட்டரிலேயே ஹெட்கவுன்ட்டை, அதாவது ஆள் எண்ணிக்கையை, 70 சதவீதத்துக்குக் குறைக்கலாம். அனுபவம் வெட்டரன், மனவுறுதி ஹை, உடல்நிலை வீக்கன்ட் என்று வைத்தால் பல நாள் குழியில் கிடந்த, இடம் விட்டு நகராத ஆட்கள் கிடைப்பார்கள். உண்மையில் அன்று அமெரிக்கப் பீரங்கிகள் பொழிந்தது பத்தாயிரக்கணக்கான குண்டுகள். அதை ஆடுபவர் கையில் கொடுத்தால் பத்தாவது நிமிடம் ஆட்டம் முடிந்துவிடும். குண்டுமழை ஓய்ந்த பிறகு கடிகாரத்தைத் தொடங்கி, மேப்பில் பள்ளங்களை வரைந்து, அந்தச் சேதத்தை ஹெட்கவுன்ட்டில் காட்டுவதுதான் புத்திசாலித்தனம். ஆடுபவருக்கு ஒரு 105 மிமீ பீரங்கி பேட்டரி போதும்.

கணினியின் திட்டம்தான் விஷயமே. ஒரு தரப்புக்கு ஐந்து திட்டம்வரை எழுதலாம். எது வரும் என்பது ஆடும்போது குலுக்கலில் விழும். பிரிவுகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் போக வேண்டிய இடத்தைப் பெயின்ட் அடித்து, நேரம் கொடுக்க வேண்டும். வாங்கிய எல்லாப் பிரிவும் தொடக்கத்தில் முதல் குழுவில்தான் கிடக்கும். பிரிக்க மறந்தால் மோர்ட்டார்க்காரனும் கம்பெனி கமாண்டரும் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்ச் சாவார்கள். வெளியான சினாரியோக்களிலேயே இதைப் பார்க்கலாம்.

பெயின்ட் அடித்த இடத்துக்குள் யார் எங்கே உட்கார்வது என்பதை கேம்தான் முடிவு செய்யும், நீங்கள் அல்ல. தூரிகை வேலியின் இருபுறமும் பட்டுவிட்டால் பாதிப்பேர் வேலிக்கு முன்னால், வெட்டவெளியில் படுத்துக் கிடப்பார்கள். வேலிக்குப் பின்னால் ஒரே ஒரு டைல் அகலத்தில், நீளவாக்கில் அடியுங்கள். டைல்களின் எண்ணிக்கை குழுவில் உள்ள டீம்களின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் மூன்று டீம் ஒரே குழியில் குவியும், ஒரு மோர்ட்டார் குண்டில் எல்லாம் போகும்.

ஹில் 192க்கு நான்கு குழு போதும். முதல் குழு முன்வேலியில் இரண்டு எம்ஜி. நிலைப்பாடு ஆம்புஷ் 75 மீட்டர். வயலின் அகலம் 73 மீட்டர் என்று பார்த்தோமே, அதனால்தான். அமெரிக்கர் எதிர்வேலியை விட்டு இறங்கும்வரை எம்ஜி வாய் திறக்காது. வெறும் ஆக்டிவ் என்று விட்டால் தூரத்தில் தலை தெரிந்ததுமே சுட்டு, இடத்தைக் காட்டிக் கொடுத்து, ஷெர்மனிடம் அடி வாங்கும். இந்தக் குழுவுக்கு "எக்ஸிட் ஆஃப்டர்" (இதற்கு முன் கிளம்பாது) 12 நிமிடம், "எக்ஸிட் பிஃபோர்" (இதற்குள் கிளம்பிவிடும்) 15 நிமிடம் கொடுத்து இரண்டாம் வேலிக்குப் பின்வாங்க வையுங்கள். வழியில் வாசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதலில் சொன்ன அதே சாவு இவர்களுக்கும். இரண்டாம் குழு முக்கிய வரிசை, நகராது. மூன்றாம் குழு ரிசர்வ் ஸ்குவாட். இதற்கு நேரம் கொடுக்காமல் டிரிக்கர் கொடுங்கள்: அமெரிக்கர் இரண்டாம் வேலியைத் தொட்டால் எதிர்த்தாக்குதல். கேம் எஞ்சினின் மூன்றாம் பதிப்பில் வந்த வசதி இது. அதற்கு முன்னால் கணினி கடிகாரத்தைப் பார்த்துத்தான் சண்டை போட்டது. நான்காம் குழு மோர்ட்டாரும் எச்கியூவும், இருந்த இடத்தில்.

மோர்ட்டாரில் இன்னொரு பொறி. ஆட்டம் தொடங்கும்போது கணினி எங்கே அடிக்க வேண்டும் என்று சப்போர்ட் டார்கெட்டாக வரையலாம். வரைந்தால் கையிருப்பைத் தொடக்கத்திலேயே கொட்டிவிடும். வரையாவிட்டால் ஸ்பாட்டர் (எங்கே அடிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்பவர்) எதையாவது பார்த்தால்தான் சுடும். போக்காஜில் ஸ்பாட்டருக்கு எதிர்வேலியைத் தாண்டி எதுவும் தெரியாது. அதனால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பகுதி தொடக்கத்திலிருந்தே இருந்து, வரைந்த இடத்தில் அடிக்கட்டும். மற்றதை 15வது நிமிடம் வரும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்டாக வையுங்கள். வராத மோர்ட்டாரை வீணாக்க முடியாதல்லவா? ஸ்பாட்டரை மேட்டில், குறைந்தது இரண்டு வயல் தெரியும் இடத்தில் உட்கார வைக்க வேண்டும்.

நேரத்தையும் வேலி எண்ணித்தான் வைக்க வேண்டும். 600 மீட்டர் ஆழம் என்றால் எட்டு வேலி. ஒன்றுக்கு ஏழெட்டு நிமிடம்: பார்ப்பது, அடக்குவது, உடைப்பது, தாண்டுவது. ஒரு மணி நேரத்துக்குக் குறைத்தால் ஆடுபவர் வேறு வழியில்லாமல் ஓடுவார், பிறகு சினாரியோ கடினம் என்பார். அது கடினமில்லை, அவசரம்.

புள்ளிகளில், பிடித்து வைக்க வேண்டிய இடமான ஆக்குபை இலக்கைப் பெரிதாக வரையாதீர்கள். உள்ளே ஒரே ஒரு ஜெர்மன்காரன் உயிரோடு பதுங்கியிருந்தாலும் அந்தப் புள்ளி முழுவதும் போய்விடும். மேட்டை ஒரே இலக்காக வைத்து 500 கொடுப்பதைவிட மூன்று சிறு இலக்காக 150, 150, 200 என்று பிரிக்கலாம். ஜெர்மன் தரப்புக்கு இடத்தைவிட எதிரிக்கு 30 சதவீத இழப்பு என்ற அளவுகோலில் பாதிப் புள்ளி. மேட்டைப் பிடிப்பதற்காகக் கம்பெனியையே தொலைத்த கமாண்டரை அப்போதுதான் கேம் மெச்சாது.

சோதிக்க "சினாரியோ ஆதர் டெஸ்ட்" என்ற நிலை இருக்கிறது, எதிரி முழுவதும் தெரியும். முதல் ஓட்டத்தில் உங்கள் படைக்கு ஒரு கட்டளையும் கொடுக்காமல் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டே கணினி எழுதியபடி நகர்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாக இதைச் செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவர் ஐந்து திட்டம் எழுத வேண்டாம். நன்றாகச் சோதித்த இரண்டு போதும்.

பணம் போடுவதற்கு முன் இன்னொன்று: அடிப்படை கேமில் ஜெர்மன் பாராசூட் படை கிடையாது. 2012இல் வந்த காமன்வெல்த் ஃபோர்சஸ் என்ற கூடுதல் தொகுப்பில் (மாட்யூல்)தான் வருகிறது. ஆங்கிலேயர், கனடியர், வாஃபன் எஸ்எஸ் எல்லாம் அதிலேயே. அது இல்லாதவர்கள் சாதாரணக் காலாட்படையை வெட்டரன், ஹை என்று ஏற்றி ஒப்பேற்றலாம். ஸ்குவாடுக்கு இரண்டு எம்ஜி என்பது மட்டும் கிடைக்காது.

செலவு செய்ய மனமில்லையென்றால் வின்எஸ்பிடபிள்யூடபிள்யூ2 என்ற கேம் இலவசம். 1995இல் எஸ்எஸ்ஐ வெளியிட்ட ஸ்டீல் பேந்தர்ஸ் வழிவந்தது, 1930 முதல் 1946 வரை பல நாட்டுப் படைகளும் கிடைக்கும், எடிட்டரும் கூடவே வரும். ரஷ்யப் புல்வெளியில் டேங்க் சண்டைக்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். போக்காஜுக்குச் சரிவராது: அதன் அறுகோணக் கட்டமான ஹெக்ஸ் ஒன்று 50 மீட்டர், நார்மண்டி வயலோ ஒன்றரை ஹெக்ஸ். வேலியும் வயலும் வாசலும் ஒரே ஹெக்ஸில் நசுங்கிப்போகும்.

நண்பரோடு ஈமெயிலில் ஃபைல் மாற்றி ஆடுவதாக இருந்தால் ஏஐ திட்டமே எழுத வேண்டாம், பாதி வேலை மிச்சம். முதல் சினாரியோவை அப்படித்தான் தொடங்க வேண்டும்: 320க்கு 320 மீட்டர் மேப், நான்கு வேலி, இந்தப்பக்கம் ஒரு ரைஃபிள் பிளாட்டூன், ஒரு ஷெர்மன், ஒரு எஞ்சினியர் ஸ்குவாட், அந்தப்பக்கம் இரண்டு ஸ்குவாட், ஒரு 81 மிமீ மோர்ட்டார், 40 நிமிடம். சனி ஞாயிறு இரண்டு நாளில் வரைந்துவிடலாம்.